காப்பி கிடாரும் சில கழுத்தறுப்புகளும்

"காப்பி கிடார்ல கத்துக்கிட்டா கை கெட்டுப் போயிடும் தம்பி." கடையிலயும், கிடார் கிளாஸ்லயும், ஆபீஸ் கேண்டீன்லயும் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இதுக்கு நேர் எதிர்ல இன்னொரு கோஷ்டி இருக்கு. "பத்தாயிரம் ரூபா கிடார் ரெண்டு லட்ச ரூபா கிடாரைத் தூக்கிச் சாப்பிடுது பாருங்க"ன்னு வீடியோ போட்டுக் கிளப்பி விடுற கோஷ்டி. ரெண்டு பேரும் அடிக்கிறது சுத்தமான ஜல்லி. இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, ஆசை ஆசையா எலக்ட்ரிக் கிடார் வாங்கின பசங்க மூணே மாசத்துல அதைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுறாங்க. கேட்டா, "நமக்கெல்லாம் சங்கீதம் வராதுப்பா." என் எரிச்சல் மொத்தமும் அந்த ஒரு வரியிலதான்.

இந்த வாரம் பொட்டி தட்டுற எடத்துல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இதை இன்னிக்கே பேசித் தீர்த்துடுவோம்.

காப்பி வேற, போலி வேற

முதல்ல இந்தக் குழப்பத்தைத் தீர்க்கணும். இன்னிக்கு உலகத்துல விக்கிற மலிவு விலை எலக்ட்ரிக் கிடார்கள்ல பெரும்பாலானது மூணே மூணு வடிவத்தோட நகல். ஃபெண்டரோட டெலிகாஸ்டர் (1950ல் பிராட்காஸ்டர்னு வந்து 1951ல் பேர் மாறினது), கிப்சனோட லெஸ் பால் (1952), மறுபடி ஃபெண்டரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954). எழுபது வருஷம் ஆகியும் இதைத் தாண்டி பெருசா யாரும் போகலை.

"அடுத்தவன் டிசைனைத் திருடுறது தப்பில்லையா?"ன்னு கேக்குறவங்களுக்கு: ஃபெண்டர் தன்னோட உடம்பு வடிவங்களுக்கு வணிகச் சின்ன உரிமை கேட்டு அமெரிக்காவுல விண்ணப்பிச்சது. 2009ல் அது நிராகரிக்கப்பட்டது. அந்த வடிவங்கள் தொழில் முழுக்கப் பொதுவாகிப் போச்சு, இனிமே ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தம்னு சொல்ல முடியாதுங்கறதுதான் சாரம். ஆனா தலைப்பக்கத்து வடிவம், அதாவது டியூனிங் திருகுகள் இருக்கிற ஹெட்ஸ்டாக், அது வேற கதை. 1977ல் கிப்சனோட தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவுல விநியோகம் பண்ணின கம்பெனி மேல வழக்குப் போட்டுச்சே, அது உடம்புக்காக இல்லை, ஹெட்ஸ்டாக்குக்காகத்தான். அடுத்த வருஷமே கோர்ட்டுக்கு வெளியில சமாதானம் ஆயிடுச்சு.

அதனால, ஒரு மலிவு கிடாரோட உடம்பு அப்படியே ஸ்ட்ராட் மாதிரி இருந்து, தலை மட்டும் கோணல் மாணலா, வாத்து மூக்கு மாதிரி இருந்தா சிரிக்காதீங்க. அந்தக் கோணல் தலைதான் அதோட நேர்மை. தலையும் அச்சு அசலா இருந்து, மேல பெரிய கம்பெனி பேரும் பொறிச்சு, விலை மட்டும் பத்துல ஒரு பங்குன்னா, அது போலி. அது திருட்டு. அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. நான் பேசுறது தன் பேரைத் தன் தலையில எழுதிக்கிட்டு வர்ற நகலைப் பத்தி.

நகல்னாலே மட்டம்ங்கறவங்க வரலாற்றையும் கொஞ்சம் புரட்டணும். எழுபதுகளோட கடைசியில ஜப்பான்காரங்க, டொக்காய், கிரெக்கோ மாதிரி ஆளுங்க, அடிச்ச காப்பிகள் அசலுக்கே வயித்துல புளியைக் கரைச்சது. ஃபெண்டர் என்ன பண்ணுச்சு? 1982ல் ஃபெண்டர் ஜப்பான்னு ஒரு கம்பெனியை ஆரம்பிச்சு, ஃபுஜிகென் தொழிற்சாலையில தன்னோட கிடாரைத் தானே காப்பி அடிக்க வெச்சு, ஸ்குவையர்னு பேர் போட்டு வித்தது. அந்த முதல் வருஷத்து ஸ்குவையர்களை இன்னிக்கு சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குறாங்க. காப்பிதான் மக்களே. ஆனா முடிச்ச காப்பி. அந்த "முடிச்ச"ங்கற வார்த்தையைப் பிடிச்சு வெச்சுக்குங்க.

காசு எங்கே போகுது?

உடம்பை வெட்டுறது இப்ப கம்ப்யூட்டர் எந்திரம். நெக்கைச் செதுக்குறதும் அதேதான். ஃப்ரெட்டுக்கான பள்ளங்களை அறுக்குறதும் அதேதான். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பிக்கு முதல் ஃப்ரெட் 36.4 மில்லிமீட்டர்ல வரணும், பன்னெண்டாவது சரியா பாதியில, 324ல் வரணும். இந்தக் கணக்குல எந்திரம் தப்பு பண்றது அபூர்வம். மலிவு கிடார்லயும் ஃப்ரெட் இருக்கிற இடம் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு. முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்தி இதைச் சொல்லியிருக்க முடியாது. "காப்பின்னா சுருதி சேராது"ங்கற பழமொழி அந்தக் காலத்துச் சரக்கு.

அப்ப விலை வித்தியாசம் எங்கே? பிக்கப், திருகு, ஸ்விட்ச், பெயிண்ட் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கைக்குத் தெரியுற பெரிய வித்தியாசம் மனுஷன் அரம் பிடிச்சு வேலை செய்யுற நேரத்துலதான். 22 ஃப்ரெட்டுன்னா 44 முனை. ஒவ்வொரு முனையையும் மழுக்கணும். 22 ஃப்ரெட்டோட தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வரணும், மட்டமாக்கினப்ப தட்டையான தலையை மறுபடி உருண்டையாக்கணும், அப்புறம் பாலிஷ். நட்டுல ஆறு பள்ளம், ஒவ்வொண்ணும் அந்தந்தக் கம்பி மொத்தத்துக்கு. (நட்டுன்னா தலைக்குக் கீழே கம்பிகள் உக்காந்திருக்கிற அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு.) நல்லா கை பழகின ஆளுக்கே அரை நாள் வேலை இது. மலிவு கிடாருக்கு அந்த அரை நாளைக் குடுத்தா அது மலிவு கிடார் இல்லை. அதனால அந்த வேலையை வெட்டுறாங்க.

நம்ம பாஷையில சொன்னா, கோட் நல்லாத்தான் எழுதியிருக்கான், கம்பைலும் ஆயிடுச்சு. டெஸ்டிங் மட்டும் பண்ணாம ரிலீஸ் பண்ணி, அதை வாடிக்கையாளர் தலையில கட்டிட்டான். கொடுமை என்னன்னா, இங்கே வாடிக்கையாளர் பதினஞ்சு வயசுப் பையன். பக்னு ஒண்ணு இருக்குங்கறதே அவனுக்குத் தெரியாது. தப்பு தன் விரல்லன்னு நினைச்சுக்கிறான்.

மூணு நெக்கு, ஒரு கை

சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. என் வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை மூணு ஸ்ட்ராட் வடிவ கிடார்களைப் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். கம்பெனி பேர் வேண்டாம், அ, ஆ, இன்னு வெச்சுக்குவோம். அ, பத்தாயிரத்துக்குள்ள வாங்கின காப்பி. ஆ, இந்தோனேசியாவுல செஞ்ச நடு விலைக்காரன். இ, நண்பர் ஒருத்தரோட அமெரிக்க அசல். மூணுலயும் புதுக் கம்பி, ஒரே மொத்தம். கையில பைக் மெக்கானிக்குகள் டேப்பட் செட் பண்ண வெச்சிருப்பாங்களே, அந்த ஃபீலர் கேஜ்.

அ: உள்ளங்கை முதல்ல தொட்டது ஒரு கண்ணாடிச் சுவர். நெக்கோட பின்பக்கம் அவ்வளவு வார்னிஷ். சென்னை வேர்வைக்கு அது பசை மாதிரி ஒட்டுது. கையை மேலயும் கீழயும் ஓட்டினா ஃப்ரெட் முனைகள் ரம்பம் மாதிரி கீறுது. நட்டுல கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 1 மில்லிமீட்டர் இடைவெளி. 14வது ஃப்ரெட் மட்டும் பக்கத்து வீட்டு மாடி மாதிரி ஒசந்து நிக்குது. ஆனா நெக்கு நேரா இருக்கு, முறுக்கல் இல்லை, உள்ள இருக்கிற ட்ரஸ் ராட் ரெண்டு பக்கமும் ஒழுங்கா வேலை செய்யுது. நெக்கும் உடம்பும் சேர்ற பொருத்துல ஒரு தாள் கூட நுழையலை.

ஆ: பின்பக்கம் பளபளப்பில்லாத மெல்லிய பூச்சு, கை வழுக்கிக்கிட்டுப் போகுது. ஃப்ரெட் முனை மழுக்கியிருக்கு, நகத்தால தடவினா லேசா தட்டும், கீறாது. நட்டுல 0.6.

இ: ஃப்ரெட் போர்டோட ஓரத்தையே உருட்டி விட்டிருக்காங்க. பத்து வருஷம் வாசிச்ச பழைய நெக்கு மாதிரி கைக்குள்ள உக்காருது. நட்டுல 0.5. சும்மா சொல்லக்கூடாது, அருமை.

மூணுமே "சி" வடிவ நெக்குதான். கேட்லாக்ல படிச்சா மூணும் ஒரே நெக்கு! நெக்கு எப்படி இருக்குன்னு கேட்டா சி, டி, வின்னு எழுத்தை ஒப்பிக்கிறவங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன். கைக்குத் தெரியுறது அந்த எழுத்து மட்டுமில்லை. ஓரம், முனை, பூச்சு, நட்டு இந்த நாலும் சேர்ந்துதான்.

அப்புறம் அ-வை எங்க ஏரியாவுல கிடார் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டு நெக்கை நீளவாக்குல பார்த்தார். "தம்பி, நெக்கு நல்ல நெக்குதான். பாதியில விட்டுட்டானுங்க. மீதியை நான் பண்ணித் தர்றேன்" என்றார். 2,500 ரூபாய். ஃப்ரெட் முனை, மட்டம், நட்டு எல்லாம் முடிச்சுக் குடுத்தார். பின்பக்க வார்னிஷை நானே பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரால மங்கலாக்கிட்டேன். இப்ப பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பி உயரம் 1.6 மில்லிமீட்டர், எங்கேயும் கரகரப்பு இல்லை. ஃபெண்டர் தன்னோட பெரும்பாலான கிடார்களுக்குச் சொல்ற அளவும் 1.6தான், ஆனா அவங்க அதை அளக்கிறது 17வது ஃப்ரெட்ல.

வாசிக்கத் தெரிஞ்ச மூணு பேரைக் கண்ணைக் கட்டி உக்கார வெச்சேன். இ எதுன்னு மூணு பேரும் ஓரத்தைத் தடவியே சொல்லிட்டாங்க. அ எது, ஆ எதுன்னு கேட்டா ரெண்டு பேர் மாத்திச் சொன்னாங்க. மூணு பேர் வெச்சு ஆராய்ச்சி முடிவெல்லாம் சொல்ல முடியாது, ஒத்துக்கறேன். ஆனா பத்தாயிரத்துக் காப்பிக்கும் நடு விலை கிடாருக்கும் நடுவுல என் வீட்டுல இருந்த தூரம் 2,500 ரூபாயும் ஒரு ஸ்கிரப்பரும்தான். அசலுக்கும் அதுக்கும் தூரம் இன்னும் மிச்சம் இருக்கு. வீடியோ கோஷ்டி அந்த ரெண்டாவது வரியைச் சொல்ல மாட்டாங்க. பிராண்ட் கோஷ்டி முதல் வரியைச் சொல்ல மாட்டாங்க.

"விரல் வலிக்கத்தான் செய்யும்"

கிடார் வாத்தியார்கள் சிலருக்குப் பிடிச்ச டயலாக் இது. விரல் நுனி காய்ச்சுப் போகணும், அது நிஜம். முதல் சில வாரம் எரியும். ஆனா எஃப் கார்ட் மூணு மாசம் ஆகியும் வரலைன்னா, "இன்னும் பிராக்டீஸ் பண்ணு"ன்னு சொல்றதுக்கு முந்தி அந்த நட்டை ஒரு தடவை பாருங்க சார்.

நட்டு ஒசந்திருந்தா ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு, முதல் ஃப்ரெட்ல கம்பியை அழுத்த ரெண்டு மடங்கு பலம் வேணும். ரெண்டு, அப்படி ஆழமா அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுருதி மேல ஏறிடும். பையன் டியூனர் வெச்சு ஒழுங்கா சுருதி சேர்த்திருப்பான். சி கார்ட் பிடிச்சா அபஸ்வரமா கேக்கும். "எனக்குக் காது சரியில்லை போல"ன்னு நினைப்பான். பாவி, அவனுக்குக் காது சரியா இருக்கிறதாலதான் அது அபஸ்வரம்னே தெரியுது!

வீட்டுலயே கண்டுபிடிக்க வழி இருக்கு. எஃப் பிடிக்கிற அதே விரல் அமைப்பை அப்படியே 5வது ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்க. அது ஏ. அங்கே கார்ட் தெளிவா வந்து, முதல் ஃப்ரெட்ல மட்டும் வரலைன்னா, குற்றவாளி பெரும்பாலும் நட்டுதான். இல்லைன்னா முதல் ஃப்ரெட்ல ஒரு கேப்போ போட்டு வாசிங்க. திடீர்னு கிடாரே மாறின மாதிரி லேசா இருந்தா, கேஸ் முடிஞ்சது.

மரம் மரம்னு...

இந்த எடத்துல யாராவது "என்ன இருந்தாலும் மரம் மட்டமான மரம்"னு ஆரம்பிப்பாங்க. எலக்ட்ரிக் கிடார்ல உடம்பு மரத்தால ஒலி மாறுமா மாறாதாங்கற சண்டையில இன்னிக்கு நான் இறங்கலை. எந்த உசத்தி மரமும் ஒசந்த நட்டைத் தாழ்த்தாது. எந்த உசத்தி மரமும் ஃப்ரெட் முனையை மழுக்காது. அவ்வளவுதான் சொல்லுவேன்.

ஃப்ரெட் போர்டுக்கு ரோஸ்வுட் இல்லைன்னா டுபாக்கூர்னு ஒரு நம்பிக்கை வேற. 2017 ஜனவரியில சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள்ள ரோஸ்வுட் வகை மொத்தமும் வந்தது. நம்ம ஊர் ஈட்டி மரமும் அதுல அடக்கம். அப்புறம் ஸ்குவையர், எபிஃபோன் எல்லாம் மலிவு மாடல்களுக்கு இந்தியன் லாரலுக்குத் தாவினாங்க. கேட்டா ஏதோ வெள்ளைக்காரன் மரம் மாதிரி இருக்குல்ல? நம்ம கருமருதுதான் அது. 2019 கடைசியில இசைக் கருவிகளுக்கு விலக்கு வந்துச்சு, ஆனா லாரல் தங்கிடுச்சு. கருமருதுல ஃப்ரெட் வேலை நல்லா இருந்தா, ஈட்டியில ஃப்ரெட் வேலை மோசமா இருக்கிறதை விட ஆயிரம் மடங்கு மேல்.

மரம் நிஜமாவே முக்கியமாகுற எடம் ஒண்ணு இருக்கு: ஈரப்பதம். ஈரக் காத்துல செஞ்ச நெக்கு ஏசி ரூமுக்குள்ள வந்தா மரம் சுருங்கும். ஃப்ரெட் உலோகம் சுருங்காது. கடையில மழமழன்னு இருந்த முனை நாலு மாசத்துல வெளியே துருத்தும். அது விலை கூடின கிடார்லயும் நடக்கும். நல்ல அரம் இருந்தா ஒரு மணி நேர வேலை. அதுக்காகக் கிடாரை மாத்தாதீங்க.

எதைச் சரி பண்ணலாம், எதை முடியாது

வீடியோவுல ஒருத்தர் கையில இருக்கிறது ஒரே ஒரு கிடார். உங்க வீட்டுக்கு வர்றது வேற ஒண்ணு. மலிவு கிடார்ல ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் அதிகம். அதனால மாடல் பேரைப் பார்க்காம கையில இருக்கிற கிடாரைப் பாருங்க.

1. நெக்கை நீளவாக்குல ஒரு கண்ணால பாருங்க. முறுக்கல் இருந்தா வாங்காதீங்க. அதுக்கு மலிவான வைத்தியம் கிடையாது.

2. ட்ரஸ் ராட் திருகைக் கடைக்காரரையே கால் சுத்து திருப்பச் சொல்லுங்க. ஏற்கனவே கடைசி வரைக்கும் இறுக்கியிருந்தாலோ, திருப்பியும் நெக்கு அசையலைன்னாலோ வேண்டாம்.

3. கம்பியை முதல் ஃப்ரெட்லயும் 17வது ஃப்ரெட்லயும் சேர்த்து அழுத்துங்க. 7, 8வது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இடைவெளி இருந்தா போதும்.

4. காலாவதியான ஏடிஎம் அட்டையோட நேர் விளிம்பை சரியா மூணு ஃப்ரெட் மேல நிறுத்துங்க. ஊஞ்சல் ஆடினா நடு ஃப்ரெட் ஒசரம். மேல் ஃப்ரெட்டுகளுக்கு அட்டையை வெட்டிக்குங்க. ஒண்ணு ரெண்டு ஆடினா பரவாயில்லை, சரி பண்ணலாம். பாதிக்கு மேல ஆடினா அடுத்த பீஸ் கேளுங்க.

5. கீறுற முனை, ஒசந்த நட்டு, ஒட்டுற வார்னிஷ், இது மூணும் சரி பண்ணக் கூடியது. அதுக்காக பயப்பட வேண்டாம், பேரம் பேசுங்க.

6. பட்ஜெட் கம்மின்னா ஸ்குரூ போட்டு நெக்கை மாட்டின மாடலே நல்லது. லியோ ஃபெண்டர் அப்படி வடிவமைச்சதே கழட்டி மாட்ட வசதியாத்தான். கோணம் தப்பா இருந்தா நடுவுல ஒரு மெல்லிய அட்டைத் துண்டு வெச்சு சரி பண்ணிடலாம். லெஸ் பால் மாதிரி பசை போட்டு ஒட்டின நெக்குல கோணம் தப்பினா உங்க கிடாரோட விலையை விட வைத்தியச் செலவு எகிறிடும்.

கடைசியா கடைக்காரங்களுக்கு. பெட்டியில வந்ததை அப்படியே தூக்கிக் குடுத்து, ஒரு பை, ரெண்டு பிக் இலவசம்னு சொல்லி அனுப்புறீங்களே, அந்த இலவசம் யாருக்கு வேணும்? ஆயிரம் ரெண்டாயிரம் சேர்த்து வாங்கிக்குங்க, நட்டையும் முனையையும் முடிச்சுக் குடுங்க. சைக்கிள் கடைக்காரர் ஹேண்டில் பார் பூட்டாம, பிரேக் கட்டை வெக்காம சைக்கிள் விக்கிறாரா? அப்படி வித்துட்டு, ஓட்டத் தெரியாம விழுந்த பையனைப் பார்த்து "உனக்கு பேலன்ஸ் இல்லை"ன்னா ஊர் சும்மா விடுமா? கிடாருக்கு மட்டும் ஏன் விடுது?

கட்டிலுக்கு அடியில கிடார் கிடக்கிற மக்கள், அதை விக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை வெளிய எடுத்து அந்த முதல் ஃப்ரெட் இடைவெளியைப் பாருங்க. தப்பு உங்க விரல்ல இல்லாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

பி.கு: நட்டுப் பள்ளத்தை நீங்களே அரம் வெச்சு இறக்குறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க. ஒரு தடவை ஆழம் அதிகமாயிட்டா திறந்த கம்பி கரகரக்கும், புது நட்டுதான் வாங்கணும். ஆனா அதுவும் ஒண்ணும் லட்ச ரூபா கிடையாது.